வேலில் குத்திய இரண்டு எலுமிச்சம்பழம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் கார்த்திகை மாதம் 24ந் தேதி, திங்கட்கிழமை
9-12-1935

சௌபாக்கியவதி மகள் புஷ்பவல்லிக்கு அப்பா பக்கிரிசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா தங்கமணியும் உயிரோடும் நினைவோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை வேலாயுதமும் உன் வயிற்றிலிருக்கும் ஏழு மாதக் குழந்தையும் சுகமா என்று கேட்கிறேன். கடிதத்தின் தலையில் இதை எழுதுவது எப்போதும் உள்ள வழக்கம்தான், புத்தி எங்கேயோ இருக்கக் கை தானாக எழுதிவிடும். இன்று அப்படி இல்லை அம்மா. ஒவ்வொரு எழுத்தையும் நிஜமாகவே கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய். இந்தக் காகிதத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடு. மோட்டார் கொட்டகையில் வெந்நீர்ப் பீப்பாயின் அடியில் தீ எரிந்தால் விறகை நீளக் கம்பியால் வெளியே இழுத்துப் போடச் சொல். தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம், எந்தக் குழாயையும் திறக்க வேண்டாம், ஒருவரும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டாம். பீப்பாய் நன்றாக ஆறிக் கை வைத்தால் குளிர்கிறது என்று ஆன பிறகு அவர் ஏறி, ஆவி போகிற குழாயின் உச்சியில் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் அதை அறுத்து எடுக்கட்டும். நீ அந்தப் பக்கமே போகாதே. எடுத்தாயிற்று என்று அவர் வந்து சொன்ன பிறகு உட்கார்ந்து மிச்சத்தைப் படி.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அடித்த தந்தியும் இதைத்தான் சொன்னது. வந்ததோ வரவில்லையோ தெரியவில்லை. தந்தி ஆபீசில் இருந்த தம்பி நான் சொன்னதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, அடுப்பு மூட்டாதே, எலுமிச்சைய எடுத்துடு, இது என்ன சமையல் குறிப்பா லா?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினான். பதில் தந்திக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் போய் இன்று திங்கள். பதில் இல்லை. இன்று காலையில் போய் நின்றபோது, உங்கள் மகள் இருக்கிற பர்மா மேமியோ மலை ஊர்தானே அண்ணே, எங்கேயாவது மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும் என்று அதே தம்பி சமாதானம் சொன்னான். சிரித்தவன் சமாதானம் சொல்ல ஆரம்பித்ததில்தான் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது.

தந்தி நாலு வார்த்தை. அதைப் பார்த்தால் மாமனாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் மாப்பிள்ளை நினைப்பார். ஆகையால் நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு. நம் டாக்டர் சிவசம்பு ஐயாவின் மூத்த பெண் தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனது உனக்குத் தெரியும், உன் கல்யாணமாகி நீ பர்மாவுக்குக் கப்பலேறின மறுமாதம். ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்காரர்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு. "பக்கிரி, என்ர கையாலதான் அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தனான்" என்று காரில் வரும்போது ஒரு நாள் சொன்னார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் காரை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்குள் போவதில்லை. கொட்டகையிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, கைகால் முகம் கழுவி, வேறு உடுத்திக்கொண்டுதான் போவார். இரண்டாவது பெண் குணேஸ்வரிக்கு இப்போது நாலு வயசு. கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவண்டை தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அப்பா கழுவி முடிக்கிறவரைக்கும் இதைத் தாண்டக் கூடாது என்று பழக்கியிருக்கிறார். கார் சத்தம் கேட்டால் போதும், அது எங்கிருந்தாலும் ஓடிவந்து, கோட்டில் கட்டைவிரல் படாமல் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருக்கும். பச்சைத்தண்ணீரில் கழுவினால் அவருக்கு மனசு ஆறவில்லை. கொட்டகைக்குள்ளேயே வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே மூக்கில் கலந்து வருகிற மாதிரி குழாய் போட்டுத்தர முடியுமா என்று ஆவணியில் என்னைக் கேட்டார்.

என்னைக் கேட்டார்! செந்தூல் ரயில் பட்டறையில் பதினெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவனை ஆள்குறைப்பில் வெளியே தள்ளி, நாலு வருஷமாக அவர் வீட்டோடு தங்கிக் கார் ஓட்டித் துடைத்து வாழ்கிறவன் கையில் மறுபடி ஸ்பானரைக் கொடுத்தால் எப்படி இருக்கும், சொல். தலைகால் புரியவில்லை எனக்கு. தார் வந்த இரும்புப் பீப்பாய் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். காருக்குப் பக்கத்தில் தீ ஆகாது என்று, கொட்டகையின் பலகைச் சுவருக்கு வெளியே செங்கல் அடுப்புக் கட்டி அதன் மேல் ஏற்றினேன். மூடியை வைத்து, ஆவி கசியாமல் விளிம்பைச் சுற்றி உருக்கிப் பற்றவைத்தேன். உயரத்தில் பச்சைத்தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து பீப்பாய்க்கு ஒரு குழாய், பீப்பாயிலிருந்து கொட்டகைக்குள் ஒரு குழாய், ஆவி போவதற்குக் கூரைக்கு மேலே திறந்த வாயோடு ஒரு குழாய். இரண்டு திருகையும் திறந்து டாக்டர் முதல் தடவை கையை நீட்டியபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நான் நடந்த நடையை உன் அம்மாவிடம் கேள், சொல்லுவாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பீப்பாய் கொதித்தால் வெந்நீர் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பி ஏறிப் பச்சைத்தண்ணீரும் சுட்டது. திரும்பாமல் இருக்க, தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற அடைப்பு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டினேன். அதுவும் என் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணி, தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு அனுப்பிய படத்தில் அதைச் சுற்றிச் சிவப்பு மசியால் வட்டம் போட்டிருந்தேன், நீயும் பார்த்திருப்பாய். அந்தக் குளிரில் உன் பிரசவத்துக்கு வெந்நீர் குறையாமல் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அவரும் பீப்பாய் வாங்கியாயிற்று, இந்த வாரம் மூடியைப் பற்றவைக்கிறோம் என்று எழுதியிருந்தார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கேள். அந்த அடைப்பு இருக்கிற வரையில் பீப்பாய் மூச்சுவிட ஒரே ஒரு வழிதான், மேலே போகிற ஆவிக்குழாய். அதை மூடினால் என்ன ஆகும் என்று படத்தில் எழுதினேனா? எழுதவில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டுமா, யார் மூடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர், அவர் பாய்லரைக் கண்டாரா.

மூடியது உன் அம்மா. சரஸ்வதி பூசையன்று காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கி, எல்லாம் முறைப்படி நடந்தது. புதுப் பீப்பாய்க்கும் பட்டை போட்டாள், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆவிக்குழாய் இருப்பது கொட்டகைக்குப் பின்பக்கம், பெண்கள் துணி துவைக்கிற கல்லுக்கு நேரே, தாழ்ந்த கூரையைத் தாண்டி இரண்டு முழம் நிற்கும். நெட்டுக்குத்தலாக எது நின்றாலும் நம் ஜனங்களுக்கு வேல் ஞாபகம்தான் வரும், வேல் என்றால் வெறுமே நிற்கலாமா, பழம் குத்த வேண்டாமா. அதுவும் ஒரு பிள்ளை செத்த வீட்டில் புதுசாக ஒரு பொருள் வந்திருக்கிறது, ஊர் கண்ணெல்லாம் அதன் மேல். துவைக்கிற கல்லில் ஏறி நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் வாயில் அழுத்திக் குத்தி வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. மறைத்தாள் என்று நினைக்காதே, சாமி காரியத்துக்கு யாரிடம் உத்தரவு கேட்பது, அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. பெண்கள் புழங்குகிற அந்தப் பக்கம் நானும் போகிறவன் இல்லை.

ஒரு வாரம் பத்து நாளில் பீப்பாய்க்குள் தட்டுகிற சத்தம் வந்தது. உள்ளேயிருந்து ஒருவர் விரல் முட்டியால் தட்டுவதுபோல டொக், டொக் என்று, சற்று நிற்கும், மறுபடி டொக். தீபாவளிக்கு மறுநாள் சத்தம் நின்றது. குழாயில் காற்று அடைத்திருந்தது, போய்விட்டது என்று நான் மார்தட்டினேன். போனது காற்று இல்லை, பழம். காக்கை கொத்திக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் காக்கைக்கு இருந்த புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. பழம் காணாமல் போனது அபசகுனம் என்று உன் அம்மா பதறிப்போய், சூரசம்ஹாரத்தன்று கந்தசாமி கோவிலில் சாமி வேலில் குத்தியிருந்த பழம் இரண்டு கேட்டு வாங்கிவந்தாள். ஒன்றைக் குழாயில் குத்தி, இனிக் காக்கை தொடாதபடி மஞ்சள் துணி சுற்றி, என் பெட்டியிலிருந்து செம்புக் கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டினாள். இன்னொன்றை உனக்கென்று எடுத்து வைத்தாள். நீ மாமா என்று கூப்பிடும் நம் ராதாகிருஷ்ணன் ரங்கூன் வழியாக அங்கே வருகிறான் என்றதும் ஊறுகாய், சாம்பிராணி, பிள்ளைக்கு இடுப்புக் கயிறு எல்லாவற்றோடும் அதையும் வைத்து, அதே செம்புக் கம்பியில் ஒரு முழம் வெட்டிச் சுருட்டி வைத்து, உங்கள் பீப்பாயின் ஆவிக்குழாயில் எப்படிக் கட்ட வேண்டும் என்று அவனுக்கு வாயால் சொல்லியும் அனுப்பியிருக்கிறாள். வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிப்போய் ரயிலில் ஏற்றிவிட்டது நான்தான்.

பழம் ஏறினதும் தட்டுகிற சத்தம் திரும்ப வந்தது. "அது செத்துப்போன பிள்ளைதாங்க, வீட்டுக்குள்ள வரப் பாக்குது" என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போடி பைத்தியக்காரி என்று ஏசினேன். சத்தம் கேட்கும் போதெல்லாம் அவள் பின்னால் போய், உள்ளே வர முடியாதபடி கம்பிக்கு இன்னும் ஒரு முறுக்குக் கொடுத்திருக்கிறாள். அவளைச் சொல்ல நான் யார்? திருகைத் திறந்தால் முதலில் சீறிக் காறித் துப்பிவிட்டுப் பிறகுதான் தண்ணீர் வந்தது, அதை நான் கேட்டேன். ஒரு நாள் காலையில் பீப்பாயின் மூடி பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, பழைய பீப்பாய்தானே, வெயிலுக்கு நெளிந்திருக்கும் என்று கார் துடைக்கப் போனேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை புஷ்பா, அகம்பாவம்.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு டாக்டரை அழைத்து வந்தேன். கார் கொட்டகைக்குள் நுழைந்ததும் குணேஸ்வரி ஓடிவந்து கோட்டில் நின்றது. பாதித் தலை பின்னி, சீப்பு தலையிலேயே நிற்க ஓடிவந்திருந்தது. டாக்டரம்மா பின்னாலேயே வந்து, "தலை இழுத்து முடிய வாடி பிள்ளை" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்போதுதான் வெடித்தது. சத்தத்தை என்னவென்று எழுதுவது, இன்னும் என் இடது காது சரியாகக் கேட்கவில்லை. பலகைச் சுவர் பிளந்து கொட்டகை முழுவதும் ஆவி. அது கலைந்தபோது பார்க்கிறோம், பீப்பாயின் மூடி சுவரைக் கிழித்துக்கொண்டு வந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் கிடக்கிறது. கோட்டில் பாதியைக் காணோம், தரை சிமெண்டு பெயர்ந்திருந்தது. மேலில் சட்டை இல்லாமல் டாக்டர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை அழுகிற குரல் கேட்ட பிறகுதான் அவர் மூச்சுவிட்டார், நானும்.

உன் அம்மா பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது. டாக்டரே உட்கார்ந்து மருந்து போட்டுக் கட்டினார், ஆறிவிடும் என்கிறார், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அவளைப் பார்க்கப் பின்பக்கம் ஓடியபோதுதான் முறிந்து கிடந்த ஆவிக்குழாயைக் கண்டேன். உச்சியில் பழம் அப்படியே இருந்தது. ஆவியில் வெந்து வெந்து, காய்ந்து கறுத்து, கொட்டைப்பாக்குப்போல் இறுகிப் பாதி குழாய்க்குள் இறங்கியிருந்தது. பீப்பாய் போயிற்று, சுவர் போயிற்று, அந்தக் கம்பி முறுக்கு ஒன்றுகூட அவிழவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவளை ஏசிய ஏச்சை உனக்கு எழுத முடியாது. வெந்த கையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏசி ஓய்ந்த பிறகு மெதுவாக, "இன்னொன்ன புஷ்பாவுக்குக் குடுத்துவிட்டேனுங்களே" என்றாள். போட்டிருந்த சட்டையோடு தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் வாசலில் நின்று, "பக்கிரி, இது ஆற்ற வேலை?" என்று கேட்டார். பழம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் வேலைதான் ஐயா என்றேன். பொய் இல்லை, ஒரு வழியை நான் அடைத்தேன், மற்றதை அவள் அடைத்தாள், முதலில் அடைத்தவன் நான். ஏசியிருந்தால் தேவலை, அவர் ஏசவில்லை. பச்சைத்தண்ணீரில் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். மறுநாள் மிச்சமிருந்த கோட்டை அழித்துவிட்டு, வீட்டுக்குள்ளே தள்ளிக் கூடத்துக் கோடியில் வேறு கோடு போட்டார். பிள்ளை இப்போது அங்கே நின்று கையை நீட்டுகிறது. என்னை இன்னும் போகச் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவேன்.

இங்கே கம்பி கட்டின நாளிலிருந்து முப்பத்துமூன்று நாள் தாங்கியது, அதுவும் நாளுக்கு ஒரு வேளை மூட்டி. அங்கே குளிருக்குக் காலையும் மாலையும் மூட்டுவாய். ராதாகிருஷ்ணன் என்றைக்கு வந்து சேர்ந்தான், பழத்தை என்றைக்குக் கட்டினீர்கள், கட்டினீர்களா இல்லையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை மாப்பிள்ளை இதெல்லாம் எதற்கு என்று பழத்தைத் தூக்கி எறிந்திருப்பார். இல்லை, கட்டியிருந்தால் இந்நேரம் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுகிறேன். எப்படி எண்ணினாலும் எனக்குப் பிடிக்காத இடத்தில்தான் வந்து நிற்கிறது.

உன் அம்மா அன்று முதல் எலுமிச்சம்பழத்தைக் கையால் தொடவில்லை. கோவிலுக்கும் போகவில்லை. சாமி மேல் கோபமா என்று கேட்டேன், கோபம் இல்லை, போய் நிற்க முகம் இல்லை என்றாள். கட்டுப்போட்ட கையோடு வாசலிலேயே உட்கார்ந்து, காக்கிச் சட்டை போட்டவன் யார் வந்தாலும் தந்திதானோ என்று எழுந்து நிற்கிறாள். அவளைக் குறைசொல்லி ஒரு வரி நீ எழுதக் கூடாது, நான் ஏசியதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். கிள்ளானில் உன் அத்தை இராஜம்மா மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, உனக்கும் பத்திரிகை வரும், இந்த நிலையில் நீ கப்பலேற நினைக்காதே. வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பில் பானையை வைத்துக் காய்ச்சு, மூடியைக் கொஞ்சம் தள்ளி வை, திறந்த பானை வெடித்ததை யாரும் கண்டதில்லை. குடத்தைத் தூக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், மாமா கொடுத்த படத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னார் என்று.

நீயும் உன் புருஷனும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, உன் கையில் வெதுவெதுவென்று முதல் தண்ணீர் வார்த்துக்கொள்ள முருகன் துணை இருக்கட்டும். மறந்துவிடாதே, பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் அந்தப் பழத்தை மட்டும் ஒரு உறையில் போட்டு அனுப்பு. எழுத்து ஒன்றும் வேண்டாம், அது என் கைக்கு வந்தால் எனக்குப் புரியும்.

எந்நேரமும் உங்கள் நினைவாக இருக்கும்
உன் அப்பா
செ. பக்கிரிசாமி

உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தபால்காரர் வந்தார். உன் கடிதம். நவம்பர் இருபத்தேழாம் தேதி போட்டிருக்கிறாய், என் தந்திக்கு எட்டு நாள் முன்னால். பீப்பாய் அருமையாக வேலை செய்கிறது, இரண்டு வேளையும் வெந்நீர் என்று எழுதியிருக்கிறாய். ராதாகிருஷ்ணன் மாமா கொண்டுவந்த பழத்தை அவர் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். நேற்றிலிருந்து உள்ளே யாரோ தட்டுவது மாதிரி சத்தம் கேட்கிறது, அவருக்குத்தான் யோசனையாக இருக்கிறது, எனக்குப் பயமில்லை அப்பா, அம்மாவின் பழம்தான் மேலே காவலுக்கு இருக்கிறதே என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா எதிரே உட்கார்ந்து, பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் வாசியுங்கள் என்கிறாள். எல்லோரும் சுகமாம், பழம் வந்து சேர்ந்ததாம், இன்னும் கட்டவில்லையாம் என்று வாசித்துவிட்டேன். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுகிறாள், நல்லவேளை நல்லவேளை என்று. நான் மறுபடி தந்தி ஆபீசுக்குப் போகிறேன்.